பதினொரு விழுக்காடு

செங்காங், கார்ப்பேட்டை, நான்காம் தளம் பி.
இரண்டு மின்னூட்டிகள்.
ஒன்றுக்குத் தீபாவளியிலிருந்து மஞ்சள் நாடா.
அதன் திரையில் ‘விரைவில்’ என்று இருக்கிறது.
இது சித்திரை.

மற்றதில் ஒரு வெள்ளைக் கார்.
நூறு விழுக்காடு, ஒன்பது பதினான்கிலிருந்து.
சாப்பிட்டு முடித்தும் இலையைவிட்டு எழாத
கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி
வாயில் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறது.

என் வண்டியில் பதினொன்று.
என் வண்டி என்பது பேச்சுக்கு.
ஓடினாலும் நின்றாலும்
நாளுக்கு எழுபத்தெட்டு வெள்ளி வாடகை.
சாவியைக் கொடுத்தவன் சொன்னான்,
பெட்ரோல் கணக்கே இனி இல்லை அக்கா.
உண்மைதான். இப்போது வேறு கணக்கு:
குளிரூட்டியை அணைத்தால் ஈசூன்வரை போகலாம்,
போட்டால் ஐந்து நட்சத்திரம் வாங்கலாம்.

காலை ஐந்துக்குச் சாங்கி.
ஆள் யாரென்று தெரியாது,
பெட்டிகள் மூன்று என்பது தெரியும்.

கைப்பேசியில் மூன்று செயலிகள்.
ஒன்றில் இரண்டு வெள்ளி எண்பது காசு.
ஒன்றில் ஒரு வெள்ளி பத்து.
மூன்றாவதில் பதினாறு வெள்ளி இருக்கிறது,
கடவுச்சொல் மறந்துவிட்டது.
சேர்த்துப் பார்த்தால் ஒரு ராத்திரிக்குத் தாராளம்.
சேராது.
ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத பங்காளிகள்.

மறந்த சொல்லை மாற்றப் போனேன்.
நீங்கள் இயந்திரமில்லை என்று நிரூபியுங்கள் என்றது
இயந்திரம்.
போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொடவும்.
பதினோரு மணி நேரம்
அதை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறவள் நான்.
ஃபேரர் ரோட்டுச் சிவப்பில்
ஒரு வடையைத் தின்று கையும் துடைத்திருக்கிறேன்.
தொட்டேன்.
தவறு. மீண்டும் முயல்க.

உதவி எண்ணில் ஒரு பெண்குரல்
உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது.
நான் இன்னும் கொடுக்கவே இல்லை.

மின்தூக்கி திறந்தது.
அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு,
பிளாஸ்டிக் பையில் கட்டிய சோயாப்பால்.
வெள்ளைக் காரின் ஆள்தான் என்று
இரண்டு மணி நேரமாய்ச் சேர்த்த சொற்களை
நாக்கில் வரிசைப்படுத்தினேன்.
அவர் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்.
குவேக். தோஃபூ ஏற்றும் வேன். ஒன்பது விழுக்காடு.
என்னைவிட இரண்டு ஏழை.

மழை பிடித்துக்கொண்டது.
சுவரோரம் சாரல்.
என் திரையை எட்டிப் பார்த்தவர்
கம்பத்தைத் தொடாதே, விளக்கை மட்டும் தொடு என்றார்.
திறந்துகொண்டது.
நாற்பத்தொன்பது வயதில்
நான் மனுஷி என்பதற்குச் சான்று கிடைத்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் ஓடிவந்தாள்.
மருத்துவமனைச் சீருடை, பொத்தான் மாறிப்போய்,
கன்னத்தில் தலையணைக் கோடு.
அறிவிப்பு வரவேயில்லை அக்கா, வரவேயில்லை அங்கிள்,
கைப்பேசியை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள்,
நாங்கள் எதுவும் கேட்கும் முன்பே.
அந்த நேரம் பார்த்து ‘டிங்’ என்றது:
உங்கள் கார் நிறைந்துவிட்டது.
குவேக் முதலில் சிரித்தார். பிறகு அவள்.
நான் சிரிக்க இன்னும் கொஞ்சம் நேரமானது.

மூன்று மணிக்கு எடுத்துவிடுகிறேன் என்றேன் குவேக்கிடம்.
எண் கேட்கவில்லை.
வேன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு
செருப்பை மட்டும் வெளியே விட்டார்.

கம்பி கனம். நுழைக்க இடுப்பும் சேர்ந்து தள்ளவேண்டும்.
முதல் முறை இல்லை என்றது.
இரண்டாம் முறை எதுவும் சொல்லவில்லை.
மூன்றாவதில்,
டக்.
உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.
பச்சை.

பன்னிரண்டு.
பதிமூன்று ஆனதும் தூங்கலாம் என்று
கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
சோயாப்பாலில் பாதி எனக்கு வந்துவிட்டது,
வெதுவெதுப்பாக, சர்க்கரை அதிகமாக.
மஞ்சள் நாடாவுக்குள் மற்றது
‘விரைவில்’ ‘விரைவில்’ என்று மினுக்கிக்கொண்டிருக்கிறது,
யாரும் கேட்காத இந்நேரத்திலும்.